பாம்புக்குச் சூடு

1

1841-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸின் ஜார்தான் தெ பிளான்ட் தோட்டத்து விலங்குக் காட்சிசாலையில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டது. இட்ட முட்டைகளைக் குவியலாக்கி, அதைச் சுற்றிச் சுருண்டு, மேலே தலையை வைத்து மூடியது போலப் படுத்துக்கொண்டது. சுமார் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. அங்கே பேராசிரியராக இருந்த அஷில் வலென்சியென் அந்தச் சுருள்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பின் சுருள்களுக்குள் சூடு அதிகமாக இருந்தது.

இன்று இதைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். அன்றைக்கு அது சிலருக்குச் சங்கடமான செய்தி. ஏனென்றால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இந்தியாவில் சுற்றித் திரும்பியிருந்த லமார்-பிகோ என்ற பிரெஞ்சுப் பயணி, இந்திய மலைப்பாம்பு தன் உடல் சூட்டால் முட்டையை அடைகாக்கிறது என்று பிரெஞ்சு அறிவியல் அகாதெமியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அகாதெமியின் அறிஞர்கள் அதை நம்பவில்லை. பாம்பு குளிர் இரத்தப் பிராணி. தனக்கே சூடு இல்லாதது முட்டைக்கு எங்கிருந்து சூடு கொடுக்கும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாம்பு அந்தக் கேள்வியைப் படித்திருக்கவில்லை.

வலென்சியென் அளந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 1862-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு முட்டையிட்டபோது, அடைகாக்கும் பெண் பாம்பின் சூட்டைக் கூட இருந்த ஆண் பாம்பின் சூட்டோடு ஒப்பிட்டு அளந்தார்கள். பெண்ணுக்குத்தான் சூடு அதிகம். 'கூண்டுக்கு அடியில் ஏதோ சூடு இருந்திருக்கும்', 'வெப்பமானி வைத்த இடம் சரியில்லை' என்றெல்லாம் சந்தேகங்கள் மட்டும் தொடர்ந்தன. விஷயம் முடிவுக்கு வர 1966 ஆனது. நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலைப் பாம்பு ஒன்றை வைத்து ஹட்ச்சிசன், டௌலிங், வினிகர் ஆகிய மூவர் செய்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. சுற்றுப்புறச் சூடு 33 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தாய்ப் பாம்பின் தசைகள் விட்டுவிட்டு வெட்டி இழுக்கின்றன. அந்தத் துடிப்பில் உடல் சூடாகிறது. குளிர் கூடக் கூடத் துடிப்பும் கூடுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு அதில் தாய்ப்பாசத்துக்கு முன்னால் வேறொன்றுதான் தெரிந்தது. இது ஒரு தெர்மோஸ்டாட். குறிவைத்த அளவு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று உணரும் உறுப்பு இருக்கிறது. விலகலுக்கு ஏற்பச் சூடேற்றும் தசை இருக்கிறது. சூடு தேவைப்படும் முட்டை, சூடு தரும் தசை, சூட்டை உணரும் தோல், மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. உணரும் உறுப்பு கழன்று விழ வாய்ப்பே இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பை வளர்க்கும் இன்றைய மனிதன் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டான். பிரித்ததைத் திரும்பச் சேர்க்கப் பல வீடுகளில் அவன் பயன்படுத்துவது செல்லோ டேப். இந்தக் கட்டுரை அந்த டேப்பைப் பற்றியது.

2

பொதுமக்கள் பார்ப்பதற்கென்று உலகில் முதன்முதலாக அமைக்கப்பட்ட ஊர்வன இல்லம் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-ல் திறக்கப்பட்டது. வெப்பமண்டலத்திலிருந்து கப்பலில் வந்த பாம்புகளை லண்டன் குளிர்காலத்தில் உயிரோடு வைத்திருப்பதுதான் அங்கே பெரிய வேலை. அந்தக் காலத்துக்குத் தெரிந்த வழி, அறையைச் சூடாக்குவது. மனிதனுக்குக் குளிர்ந்தால் என்ன செய்கிறோமோ அதையே பாம்புக்கும் செய்தார்கள். பெரிய பாம்புகளுக்குக் கம்பளி கூடப் போர்த்தினார்கள்.

கம்பளி என்றதும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். அந்த இல்லத்தில் இருந்த போவா ஒன்று, தனக்குப் போர்த்தியிருந்த கம்பளியையே விழுங்கிவிட்டது. வாரக்கணக்கில் அது வயிற்றிலேயே கிடந்து, பிறகு ஒருநாள் சுருட்டிய துணியாக வெளியே வந்தது. லண்டன் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் யோசித்தால் கம்பளி என்பதே வேடிக்கைதான். கம்பளி சூட்டை உண்டாக்காது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளிருந்து பெரிதாகச் சூடு வராத உடம்புக்குப் போர்த்தினால் அது காப்பதற்கு என்ன இருக்கிறது?

இதை மாற்றியவர் ஜோன் பீச்சம் புராக்டர். 1897-ல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே ஊர்வன மேல் பித்து. பள்ளிக்கூடத்துக்கு ஒரு குட்டி முதலையை எடுத்துக்கொண்டு போன பெண் என்பார்கள். குடல் நோய் வாழ்நாள் முழுக்கப் படுத்தியதால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சேயிடம் வேலை கற்றார். இந்திய ஊர்வனவற்றைப் பற்றி 1890-ல் வந்த பெரிய தொகுதியை எழுதியவர் இந்தப் பூலாஞ்சேதான். 1923-ல் புராக்டர் லண்டன் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927-ல் திறந்தது.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனி மின்சாரச் சூடு. கூண்டுக்கு உள்ளேயும் ஒரே மாதிரிச் சூடு கிடையாது. ஓரிடத்தில் சூடு, தள்ளிப் போனால் குளிர்ச்சி. சூரியனின் புற ஊதாக் கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடி. பார்வையாளர் நிற்கும் இடம் இருட்டாகவும் கூண்டு வெளிச்சமாகவும் இருக்கும் அமைப்பு. இன்றைக்கு எந்த ஊர்வனப் பண்ணைக்குப் போனாலும் காணும் அடிப்படைகள் பெரும்பாலும் அங்கே இருந்தன.

அதே 1927-ல்தான் அங்கே இரண்டு கொமோடோ உடும்புகள் வந்து சேர்ந்தன. சும்பாவா என்ற உடும்பு புராக்டரிடம் நாய்க்குட்டி போலப் பழகியது. கடைசி ஆண்டுகளில் நடக்க முடியாமல் மின்சாரச் சக்கர நாற்காலியில் அவர் தோட்டத்தைச் சுற்றி வர, பக்கத்தில் அந்த உடும்பு நடந்து வரும். 1931-ல், 34 வயதில் இறந்தார்.

அவர் கட்டியதில் இருந்த யோசனையை ஒரு வரியில் சொல்லலாம்: பாம்புக்கு இந்த டிகிரி என்று நீ முடிவு செய்யாதே, சூடும் குளிரும் இரண்டையும் வை, அது முடிவு செய்துகொள்ளும். இது ஏன் சரி என்பதற்கான ஆதாரம் பிறகு ஒரு பாலைவனத்திலிருந்து வந்தது.

3

பாலைவனப் பிராணி என்றால் வெயிலைத் தாங்கும் என்று நாம் நினைக்கிறோம். கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் நண்பகலில் ஒரு பாம்பைத் தரையில் விட்டு, நிழலுக்குப் போகவிடாமல் தடுத்தால் சில நிமிடங்களில் செத்துவிடும். வால்டர் மொசௌர் 1930-களில் இதைப் பதிவு செய்தார். வெயில் பிரதேசத்திலேயே பிறந்து வளர்ந்த பாம்பு வெயிலில் சாகிறது என்றால், அது அங்கே எப்படி வாழ்கிறது?

ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் இருவரும் அதே பாலைவனத்தில் வேலி போட்டு, உள்ளே பல்லிகளையும் பாம்புகளையும் விட்டு, திரும்பத் திரும்ப அவற்றின் உடல் சூட்டை அளந்தார்கள். 1944-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது இது: இந்தப் பிராணிகள் விழித்து நடமாடும் நேரத்தில் உடல் சூட்டைச் சில டிகிரிகளுக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. தசையால் இல்லை, நகர்வதால். குளிர்ந்தால் வெயிலுக்கு, சுட்டால் நிழலுக்கு, ரொம்பச் சுட்டால் வளைக்குள். 'குளிர் இரத்தம்' என்ற சொல்லே தவறு என்று அதற்குப் பிறகு தெளிவானது. வெயிலில் திரியும் பாலைவனப் பல்லியின் உடம்பு நம்முடையதைவிடச் சூடாகக் கூட இருக்கும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, நமக்கு முக்கியமானது. அந்தப் பிராணி விரும்பும் சூட்டுக்கும் அதைக் கொல்லும் சூட்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு, சில டிகிரிகள்தான். குளிர்ப் பக்கம் அப்படியில்லை. ரொம்பக் கீழே இறங்கினாலும் மந்தமாகிக் கிடக்கும், மறுநாள் வெயில் வந்தால் எழுந்துகொள்ளும்.

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்தவர் ஒருவர் மலைப்பாம்பு வளர்த்தார். போனில் அம்மாவிடம் சொன்னேன். "பாம்புக்குப் போய் யாராவது ஹீட்டர் போடுவாங்களாடா? அதுவா வெயில்ல போய்ப் படுத்துக்காதா?" என்றாள். கௌல்ஸும் போகர்ட்டும் வேலி போட்டுக் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட இதைத்தான். அம்மா கேட்டதில் விட்டுப்போனது ஒன்று மட்டும்: பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு எழுந்து போக வெயில் கிடையாது.

4

விலங்குக் காட்சிசாலையிலிருந்து வீட்டு அறைக்குப் பாம்பு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அமெரிக்காவில் கார்ன் ஸ்நேக், பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியான பால் பைதான். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். 1992-ல் அல்பினோ பால் பைதான் ஒன்றை அமெரிக்காவில் இனப்பெருக்கம் செய்து காட்டிய பிறகு, விதவிதமான நிறங்களுக்காக அதை வளர்ப்பது பெரிய வியாபாரமே ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது புராக்டரின் கூண்டு சுருங்கியது. முதலில் வந்தது 'சூட்டுக் கல்': உள்ளே கம்பிச் சுருள் வைத்த செயற்கைப் பாறை. கல்லின் ஒரு மூலை இதமாக இருக்கும், இன்னொரு மூலை தோசைக்கல் மாதிரி இருக்கும். குளிர்ந்த பெட்டியில் வேறு சூடே இல்லாதபோது பாம்பு அந்தக் கல்லைவிட்டு நகராது. வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் வரத் தொடங்கின. பிறகு பெட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் வந்தது. பிளாஸ்டிக் தாளில் கார்பன் பட்டைகள் அச்சிட்ட, முழம் போட்டு வெட்டி விற்கும் சூட்டு நாடா வந்தது. இவற்றையெல்லாம் அப்படியே பிளக்கில் சொருகிவிட்டால் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். அதனால் தெர்மோஸ்டாட் வந்தது.

தெர்மோஸ்டாட்டின் சரித்திரமும் முட்டையில்தான் தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் கார்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், கோழிமுட்டை பொரிக்க ஓர் அடுப்பு செய்தார். சூடு ஏறினால் உள்ளிருக்கும் திரவம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், அது காற்றுத் துவாரத்தை மூடும், நெருப்பு தணியும். மனிதன் பக்கத்தில் நிற்காமல் தானாகவே சூட்டைச் சீராக்கும் கருவிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. 1883-ல் அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற கல்லூரிப் பேராசிரியர் வகுப்பறைக்கான மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பாம்புப் பெட்டிக்கு வெளியே தொங்கும் சின்னப் பெட்டி அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போகும். ஒயரின் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு சென்சார். அந்த நுனி எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள சூட்டைத்தான் தெர்மோஸ்டாட் 'பெட்டியின் சூடு' என்று நம்பும். 32 டிகிரி வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். நுனியை ஹீட்டருக்கு மேலே, பாம்பு படுக்கும் தளத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஒருநாள் ராத்திரி பாம்பு டேப்புக்கு அடியில் மூக்கை நுழைத்து நெம்புகிறது. நுனி கழன்று குளிர்ந்த மூலையில் போய் விழுகிறது. அங்கே 24 டிகிரி. தெர்மோஸ்டாட் என்ன செய்யும்? பெட்டி குளிர்ந்துவிட்டது என்று முடிவு செய்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிடும். 24 எப்போது 32 ஆகும்? ஆகவே ஆகாது. ஆக, ஹீட்டர் விடிய விடிய ஓடும்.

எங்கள் தொழிலில் இது நன்றாகத் தெரிந்த வியாதி. உடைந்த சென்சாரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒயர் அறுந்தால் பல கருவிகள் தாமாகவே அணைந்துவிடும். கழன்று விழுந்த சென்சார் உடையவில்லை. தான் இருக்கும் இடத்தின் சூட்டை நேர்மையாக, துல்லியமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. திரையில் எல்லா விளக்கும் பச்சை. கேட்க வேண்டிய இடத்தைப் பற்றி மட்டும் அது பேசவில்லை.

இந்த இடத்தில் டேப் இரண்டு குற்றங்களை ஒரே ராத்திரியில் செய்கிறது. சென்சாரைக் கைவிட்டது முதல் குற்றம். கைவிட்ட டேப் பாம்பின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்வது இரண்டாவது.

5

டேப்பைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் டிரூ. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர், பாஞ்சோ வாசிப்பவர். மின்னசோட்டாவில் அன்று உப்புத்தாள் செய்துகொண்டிருந்த த்ரீஎம் நிறுவனத்தில் வேலை. கார்களுக்கு இரண்டு நிறத்தில் பெயின்ட் அடிப்பது அப்போது நாகரிகம். முதல் நிறத்தை மறைக்க ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் கூட வந்துவிடும். ஒட்ட வேண்டும், ஆனால் பிய்த்தால் சேதமில்லாமல் வர வேண்டும் என்று யோசித்து அவர் செய்தது 1925-ல் வந்த மாஸ்கிங் டேப். 1930-ல் செலஃபேன் தாளில் பசையைத் தடவி, கண்ணாடி போன்ற டேப் செய்தார். நம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடப்பது அதன் வாரிசு. முரட்டுத் துணி டேப் வந்தது இரண்டாம் உலகப் போரில்: இல்லினாய் மாநிலத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த வெஸ்டா ஸ்டௌட் என்ற பெண், தோட்டாப் பெட்டிகளின் காகித டேப் கிழிந்து வீரர்கள் திண்டாடுவார்களே என்று 1943-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார்.

டேப்பின் பசை காய்ந்து இறுகும் பசை இல்லை. அது திடமும் இல்லை, திரவமும் இல்லை. அழுத்தினால் திரவம் போல மேடுபள்ளங்களில் வழிந்து இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் திடம் போல எதிர்க்கும். மெதுவாக இழுத்தால் வழிந்து விட்டுக்கொடுக்கும். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பாம்புப் பெட்டி இந்தப் பசைக்கு மோசமான இடம். உள்ளே சூடு, ஈரம், தினமும் அழுத்தி உரசும் ஓர் உடம்பு. சூட்டில் பசை இன்னும் இளகுகிறது. டேப்பின் ஓரம் மெல்லச் சுருண்டு எழுகிறது. சந்து பொந்தைக் கண்டால் மூக்கை விடுவது பாம்பின் இயல்பு. ஒட்டியது தெரிந்ததும் நம்மைப் போல நின்று கையால் பிய்க்க அதற்குக் கை கிடையாது. முன்னே தள்ளும், சுருளும், திமிறும். ஒவ்வொரு திமிறலுக்கும் இன்னும் இரண்டு விரல் நீளம் ஒட்டும். இளகிய பசை செதில்களுக்கு இடையில் இறங்கிவிடும். செதில் தடிமன்; செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மடிந்திருக்கும் தோலோ வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிவது அந்தத் தோல்தான்.

6

அப்படி ஒட்டிக்கொண்ட பாம்பை என்ன செய்வது? அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் மருத்துவர்களும் சொல்லும் முறை எளிமையானது. பொறுமைதான் அதில் கஷ்டமான பாகம்.

முதலில் டேப் ஒட்டியிருப்பது பெட்டிச் சுவரிலா, பாம்பிலா, இரண்டிலுமா என்று பாருங்கள். இரண்டிலும் என்றால் பாம்பை இழுக்கக் கூடாது. டேப்பைச் சுவர் பக்கம் நறுக்கிவிட்டு, பாம்பை டேப்போடு வெளியே எடுங்கள். பெரிய பாம்பு என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் வேலை செய்ய. தொங்கும் டேப் வேறிடத்தில் ஒட்டாமலிருக்க அதன் பசைப் பக்கத்தில் காகிதத்தைப் போட்டு மூடுங்கள்.

பிறகு எண்ணெய். சமையல் எண்ணெயே போதும். பஞ்சில் தொட்டு டேப்பின் ஓரத்தில் விட்டு, உள்ளே ஊற நேரம் கொடுங்கள். எண்ணெய் பசைக்குள் புகுந்து அதைக் குழைத்துவிடும், ஒட்டும் தன்மை போய்விடும். சில நிமிடங்கள் கழித்து, தலைப் பக்கத்து முனையிலிருந்து வால் பக்கமாக, செதில் படுத்திருக்கும் திசையிலேயே உரியுங்கள். டேப்பை மேல்நோக்கித் தூக்காமல், அதன் மேலேயே மடித்துத் தாழ்வாக உருட்டுங்கள். இன்னொரு கையின் விரலால் உரிந்த இடத்துத் தோலை அழுத்திப் பிடியுங்கள். ஒரு செதில் வரிசை, கொஞ்சம் எண்ணெய், அடுத்த வரிசை. மெதுவாகப் போனால் பசை வழிந்து விட்டுக்கொடுக்கும் என்று சொன்னேனே, அது இங்கேதான். நடுவில் பாம்பு களைத்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் போக்கும் அசெட்டோன், ஸ்பிரிட் எதுவும் கிட்டவே வரக் கூடாது. தோலை எரிக்கும், ஆவி நுரையீரலுக்குப் போகும். கத்தியும் பிளேடும் வேண்டாம். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு துளி விட்டு எண்ணெயைத் துடைத்தெடுங்கள். செதிலின் மேல் கொஞ்சம் பிசின் மிஞ்சினால் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அது சட்டையோடு போய்விடும்.

சட்டை உரிக்கும் பருவத்தில் மட்டும் வேறு கணக்கு. கண் பால் போல மங்கியிருந்தால், பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் டேப்பை உரித்தால் பழைய தோலும் கூடவே வந்து, பக்குவப்படாத புதுத் தோல் வெளியே தெரியும். உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் சின்னத் துண்டு என்றால், தொங்குவதை மட்டும் நறுக்கிவிட்டுச் சட்டை உரியும் வரை காத்திருப்பது நல்லது.

கண், வாய், மூக்குத் துவாரம், வாலடியில் உள்ள கழிவுத் துளை, இந்த இடங்களில் டேப் இருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒற்றைக் கண்ணாடிச் செதில், அது பிய்ந்தால் கண்ணே போகலாம். ரத்தம் வந்தாலும், டேப் உடம்பை இறுக்கி அதற்கப்பால் வீங்கியிருந்தாலும், வயிற்றுச் செதில் சிவந்தோ கொப்பளித்தோ இருந்தாலும் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது டேப் காயம் இல்லை, சூட்டுக் காயம். அது வெளியே தெரியவே சில நாட்கள் பிடிக்கலாம். டேப்பில் மாட்டிய பாம்பைப் பார்த்தவுடன் ஹீட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டிய காரணம் அதுதான்.

7

இனிப் பெட்டி. பெட்டிக்குள் எந்த டேப்பும் இருக்கக் கூடாது என்பதில் பழைய வளர்ப்பாளர்கள் எல்லோரும் ஒரே குரல். ஹீட் மேட் பெட்டிக்கு வெளியே, அடிப்பகுதியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல். சென்சாரும் வெளியேதான், மேட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவில். அங்கே பாம்பின் மூக்கும் போகாது, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தாலும் நனையாது. நனைந்த சென்சார் ஆவியாதலால் குளிர்ந்து, கழன்றதைப் போலவே தப்பாகப் பேசும். வெளியே அளப்பதற்கும் உள்ளே பாம்பு படுக்கும் தளத்துக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். தனி வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்து அதற்கேற்பத் தெர்மோஸ்டாட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

சென்சார் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்றால், மரப்பெட்டியில் ஒயரை கிளிப் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். கண்ணாடியில் மீன் தொட்டிக்கு விற்கும் சிலிகான் வைத்து ஒட்டி, வாடை முழுக்கப் போகும் வரை காயவிட்டு, பிறகு பாம்பை விடலாம். மேலே விளக்கு இருந்தால் அதற்குக் கம்பிக் கூண்டு வேண்டும், அதுவும் ஸ்க்ரூவில். பெட்டியை விட்டு வெளியேறும் ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

எல்லாவற்றுக்கும் மேல், 1944-ன் பாடம். சூட்டுப் பக்கம் தப்பினால் பாம்பு ஒரு ராத்திரியில் வேகும். குளிர்ப் பக்கம் தப்பினால் ஒரு ராத்திரி மந்தமாகக் கிடக்கும். ஆகவே எதுவும் உடைந்தால் குளிர்ப் பக்கமாக உடையும்படி கட்ட வேண்டும். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் முழு வேகத்தில் ஓடினாலும் பாம்பைப் பொசுக்காத குறைந்த வாட் ஹீட்டர் முதல் காப்பு. முதல் சென்சாரை நம்பாமல் தனியாக அளந்து, அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் இன்னொரு கருவி இரண்டாவது காப்பு. மூன்றாவது காப்பு புராக்டர் கொடுத்தது: பாம்பு விலகிப் போக எப்போதும் ஒரு குளிர்ந்த மூலை. சின்னப் பெட்டியில் அந்த மூலை இருக்காது. பெட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்பது பாம்புக்கு உலாவ இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்வது இல்லை.

8

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தியப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் பால் பைதான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். யாரோ வாங்குவதால்தானே வருகிறது? சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்துவிட்டன. வாங்குகிறவர்களில் பலருக்கு ஹீட் மேட் வாங்கத் தெரிகிறது. சென்னையின் மே மாதத்தில் அது தேவைப்படாது என்பதும், தேவைப்படுவது நிழல் என்பதும் தெரிவதில்லை.

நம்மூரில் பாம்பை வைத்திருக்க வேறொரு முறை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கும் நல்ல பாம்பையும் விரியனையும் அவர்கள் வைத்திருப்பது மண் பானைகளில். வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மண் பானை வெயிலில் சட்டென்று சூடேறாது; துணி காற்றை உள்ளே விடும். ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

பானையைப் பால் பைதானுக்குப் பரிந்துரைக்கவில்லை. சில வாரத் தங்கலுக்குப் பானை போதும்; இருபது முப்பது வருஷம் வாழும் பிராணிக்குப் போதாது. அத்தனை வருஷமும் அதன் வெயிலையும் நிழலையும் நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பாம்பு வீட்டில் இருக்கிறதென்றால் இன்று ராத்திரி செய்ய வேண்டிய வேலை சின்னது. விளக்கைப் போட்டு, ஒயரைக் கையால் தொடர்ந்து போய், அந்த நெல்மணி நுனி எங்கே இருக்கிறது, எதனால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டேப் என்றால், அது இன்னும் கழலவில்லை, அவ்வளவுதான்.